சிலியன் மலையடிவாரத்தில் எட்டு நாள்: குதிரைக்கு அக்குபிரஷர் படிக்கப் போனேன்

நாள் 1, சியான்

பயிற்சி நடக்கப்போகும் பண்ணை சீனாவின் கான்சு மாகாணத்தில், சிலியன் மலையடிவாரத்தில் இருக்கிறது. நேராக அங்கே போயிருக்கலாம். ஆனால் சியானில் இருக்கும் ஒரு குதிரையைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை.

உடலின் குறிப்பிட்ட புள்ளிகளை விரலால் அழுத்தும் அக்குபிரஷர் வைத்தியத்தை ஆறு வருடமாக மனிதர்களுக்குச் செய்கிறேன். குதிரை லாயத்தில் உதவிக்குப் போவது அதற்கும் முன்பிருந்தே உள்ள பழக்கம். அங்கே நான் பார்த்துக்கொள்ளும் ஒரு கிழட்டுக் குதிரைக்கு முதுகு இறுக்கம். மருத்துவர் வருகிறார், மருந்து தருகிறார், கொஞ்சம் தேறுகிறது, மறுபடியும் இறுகுகிறது. மருந்தோடு என் கையாலும் ஏதாவது செய்ய முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம். குதிரை அக்குபிரஷர் வரைபடம் ஒன்றை மூன்று மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

காலையில் பெய்லின் அருங்காட்சியகம். டாங் வம்சத்துப் பேரரசர் டாய்சோங் தான் போர்களில் ஏறிய ஆறு குதிரைகளைக் கல்லில் செதுக்கித் தன் சமாதியில் வைக்கச் சொன்னார். 7-ஆம் நூற்றாண்டு வேலை. அதில் நான்கு மூலப் பலகைகள் இங்கே இருக்கின்றன. 1918-இல் துண்டு துண்டாக உடைத்துக் கடத்தப் பார்த்தார்கள், பிடிபட்டது. அந்த விரிசல்கள் இன்றும் தெரிகின்றன. மற்ற இரண்டும் அமெரிக்காவில், பிலடெல்பியாவின் பென் அருங்காட்சியகத்தில். அவற்றின் நகல்தான் இங்கே.

நான் தேடி வந்தது அந்த நகல்களில் ஒன்றை. சாலுசி என்ற குதிரை. மார்பில் அம்பு தைத்திருக்கிறது. சியூ சிங்கோங் என்ற தளபதி எதிரே நின்று அதைப் பிடுங்குகிறார். குதிரை உடல் எடையைப் பின்னங்காலுக்குத் தள்ளுகிறது. வலியில் பின்வாங்கப் பார்க்கும் எந்தக் குதிரையும் அப்படித்தான் செய்யும். ஆனால் தலை மட்டும் முன்னால் தாழ்ந்து அந்த மனிதர் மேல் சாய்ந்திருக்கிறது. உடல் ஓடப் பார்க்கிறது, தலை ஓடவில்லை. இதைச் செதுக்கியவர் குதிரைகளோடு வாழ்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். அரை மணி நேரம் அங்கேயே நின்றேன்.

நாள் 2, லான்ஜோ

சியானிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். மஞ்சள் ஆறு நகரத்துக்கு நடுவே செம்மண் கலந்து ஓடுகிறது.

கான்சு மாகாண அருங்காட்சியகத்தில் 1969-இல் வூவெய் ஊரின் லெய்தாய் கல்லறையில் கிடைத்த வெண்கலக் குதிரை இருக்கிறது. படங்களில் பார்த்துப் பெரிதாக நினைத்திருந்தேன். உயரம் 34.5 சென்டிமீட்டர்தான். ஒரு கால் பறக்கும் பறவையின் மேல், மற்ற மூன்றும் காற்றில்.

கூட்டம் பறவையையே பார்த்தது. நான் கால்களைப் பார்த்தேன். ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்து நகர்கின்றன. சாதாரணக் குதிரை துள்ளுநடையில் போகும்போது வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும்தான் ஜோடி. இந்தப் பகுதியின் சில உள்ளூர் இனங்கள் இப்படி ஒருபக்க நடைக்குப் பேர்போனவை, ஏறியவருக்குக் குலுக்கல் குறையும். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் ஒரு கொல்லர் இதைக் கவனித்து வார்த்திருக்கிறார். எந்தக் கால் எந்தக் காலோடு போகிறது என்பதுதான் நாளை முதல் எனக்கும் பாடம்.

நாள் 3, மலைக்கு

ரயில் சினிங் வழியாக ஏறுகிறது. சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் கடுகுப் பூ மஞ்சள். மறுபடி சுரங்கம், மறுபடி மஞ்சள். ஜூலை மாதம் என்பதால் இந்தக் காட்சி கிடைத்தது. ஷான்டன் குதிரைப் பண்ணை என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது, 3,000 மீட்டருக்கு மேல். இறங்கியதும் மூச்சு கொஞ்சம் திணறியது.

கிமு 121-இல் ஹான் வம்சத்துத் தளபதி ஹுவோ சூபிங் இந்தப் பகுதியை சியோங்னு மக்களிடமிருந்து பிடித்தார். படைக்குக் குதிரை வளர்க்கும் மேய்ச்சல் நிலமாக இது ஆனது அப்போதிருந்துதான். இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலாக ஒரே நிலம், ஒரே வேலை. நான் போவது அந்தப் பெரிய பண்ணைக்கு இல்லை, அங்கிருந்து வண்டியில் போகும் தூரத்தில் ஒரு குடும்பம் நடத்தும் சின்ன இடம். பதினொரு குதிரைகள், ஆறு மாணவர்கள். சொல்லித்தருபவர் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். எல்லாரும் லாவ்ஷி என்கிறார்கள், ஆசிரியர் என்று பொருள். கால்நடை மருத்துவம் படிக்கும் ஒரு பெண் மொழிபெயர்க்கிறாள். வந்து அரை மணி நேரத்திலேயே என்னை ஜியே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அக்கா என்று அர்த்தம். சரி, தங்கை கிடைத்துவிட்டாள்.

முதல் நாள் குதிரையைத் தொடக் கூடாது. தோளுக்கு நேராக, இரண்டடி தள்ளி நின்று விலாப் பக்கம் ஏறி இறங்குவதைப் பார்த்து மூச்சை எண்ண வேண்டும். அமைதியாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 16. அதன் பிறகு ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை வைக்க அனுமதி, தாடை எலும்பின் அடிவிளிம்பில். அங்கே ஒரு ரத்தக்குழாய் எலும்பின் மேல் உருளும், அதில் நாடி பிடிக்கலாம். வளர்ந்த குதிரைக்கு 28 முதல் 44 வரை இயல்பு.

எனக்குக் கொடுத்தது ஒரு செந்நிறப் பெட்டைக்குதிரை. வயது 22. லாவ் ஹோங் என்று பெயர், பழைய சிவப்பு. எண்ணினேன், 52. காய்ச்சலோ என்று பயந்தேன். "புது ஆள் பக்கத்தில் நிற்கிறார், அதுதான். அப்படியே நில்லுங்கள்" என்றார் லாவ்ஷி. இருபது நிமிடம் சும்மா நின்றேன். மறுபடி எண்ணினால் 38.

நாள் 4, பண்ணை

இன்று என் வரைபடம் கிழிந்தது.

"பாய் ஹுய் எங்கே?" என்று லாவ்ஷி கேட்டார். பாய் ஹுய் என்றால் நூறு சந்திப்புகள். மனிதரில் அது உச்சந்தலை. அதனால் கொஞ்சமும் யோசிக்காமல் ஹோங்கின் காதுகளுக்கு நடுவே கையைக் கொண்டுபோனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் குதிரையின் முதுகுக்குக் கொண்டுவந்தார். முதுகெலும்பின் மேல் விரல்களை வைத்துப் பின்னோக்கி நடத்தினார். இடுப்பு எலும்புகள் முடிந்து பிட்டத்து எலும்பு தொடங்கும் இடத்தில் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. "இதுதான் குதிரையின் பாய் ஹுய்."

பெயர் ஒன்று, இடம் வேறு. ஏன் என்று யோசித்தபோது நியாயம் புரிந்தது. குதிரையின் முதுகு பெரும்பாலும் விறைப்பானது. அது நன்றாக மடங்குவது அந்த ஒரு மூட்டில்தான். ஓடும்போது பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் இழுப்பதும், பின்புறத்தின் பலம் முன்னுக்கு வருவதும் அதன் வழியாகத்தான். பழைய சீனக் குதிரை வைத்தியர்கள் நூறு பாதைகள் சந்திக்கும் இடம் என்று அதைச் சொன்னது வெறும் அலங்காரம் இல்லை.

அதற்கப்புறம் மனப்பாடம் செய்த எல்லாவற்றையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். மனிதருக்கு மார்பு முதுகெலும்புகள் 12, குதிரைக்கு 18. அப்படியானால் மனித முதுகில் எண்ணி வைத்த புள்ளிகளைக் குதிரை முதுகில் எப்படி எண்ணுவது? மெரிடியன் என்பது சீன மருத்துவத்தில் புள்ளிகளை இணைக்கும் பாதை, ஒவ்வொன்றுக்கும் ஒரு உறுப்பின் பெயர். பெருங்குடல் மெரிடியன் மனிதரில் ஆள்காட்டி விரலில் தொடங்குகிறது. குதிரைக்கு ஒவ்வொரு காலிலும் ஒரே விரல்தான், அதுவும் நடுவிரல். அதன் நகம்தான் குளம்பு. இல்லாத ஆள்காட்டி விரலுக்கு எங்கே போவது? இன்னும் ஒன்று, குதிரைக்குப் பித்தப்பையே கிடையாது. ஆனால் என் வரைபடத்தில் பித்தப்பை மெரிடியன் தலையிலிருந்து பின்னங்குளம்பு வரை ஓடுகிறது.

இதையெல்லாம் கேட்டபோது லாவ்ஷி கோபப்படவில்லை, சந்தோஷப்பட்டார். இன்று விற்கும் வரைபடங்களில் பலவும் மனித மெரிடியன்களைக் குதிரை உடலுக்கு மாற்றி வரைந்தவை என்றார். பழைய குதிரை வைத்திய நூல்களில் புள்ளிகளுக்கு எண்கள் இல்லை, சொந்தப் பெயர்கள்தான் இருக்கின்றன. முன்மயிருக்கு அடியில் தா ஃபெங் மென், பெரிய காற்றுக் கதவு. தோள் மூட்டுக்குப் பின்னால் தசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் சியாங் ஃபெங். பின்தொடையில் இரண்டு தசைகளுக்கு இடையே ஓடும் பள்ளத்தில் ஹான் கோ, வியர்வை வாய்க்கால். குதிரை வேர்க்கும்போது வியர்வை வழிந்தோடும் இடம் அதுவேதான். பார்த்துப் பார்த்து வைத்த பெயர்கள்.

"மாற்றி வரைந்ததையும் நான் பயன்படுத்துகிறேன். ஆனால் படமும் குதிரையும் வேறு வேறு சொன்னால் குதிரை சொல்வதைக் கேட்கிறேன்" என்றார். பித்தப்பைக்கு அவர் சொன்ன விளக்கம், சீன மருத்துவத்தில் உறுப்பின் பெயர் ஒரு வேலையின் பெயர், அந்தப் பை இருக்க வேண்டியதில்லை என்பது. எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் கேள்வியை மறைக்காமல் எதிர்கொண்ட ஆசிரியர் கிடைத்தது பெரிய விஷயம்.

மாலையில் சிறுநீர்ப்பை மெரிடியனை உள்ளங்கையால் தடவிப் பழகினோம். கண்ணின் உள்மூலையில் தொடங்கி, தலைக்கு மேல் ஏறி, கழுத்தில் இறங்கி, முதுகெலும்புக்கு ஒரு கையகலம் தள்ளி நேராகப் போய், பின்னங்கால் வழியாகக் குளம்பும் தோலும் சேரும் விளிம்பு வரை. மொத்தம் 67 புள்ளிகள். எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி, எங்கே தோல் துடிக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். ஹோங்கின் வலது இடுப்புக்கு மேல் என் உள்ளங்கைக்குக் குளிர்ந்தது. இடப்பக்கம் அப்படி இல்லை. குறித்து வைத்தேன்.

நாள் 5, மழை

வெளியே போக முடியவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து பாடம்.

மிங் வம்சக் காலத்தில், 1608-இல், யூ குடும்பத்து அண்ணன் தம்பி இருவர் குதிரை வைத்தியத்துக்கு ஒரு பெரிய நூல் எழுதினார்கள். யுவான் ஹெங் லியாவ் மா ஜி என்று பெயர். லாவ்ஷியிடம் அதன் மறுபதிப்பு இருந்தது. அதில் வயிற்றுவலிக்கு மட்டும் 36 வகை சொல்லியிருக்கிறார்கள். வயிற்றுவலிக்கு அவர்கள் வைத்த பெயர் சீ வோ, அதாவது எழுவது படுப்பது. வயிறு நோகும் குதிரை படுக்கும், எழும், மறுபடி படுக்கும், உருளும். நோய்க்குப் பெயர் வைக்கும்போது கண்ணுக்குத் தெரிந்ததையே வைத்திருக்கிறார்கள்.

நாடியைவிட அந்த வைத்தியர்கள் பெரிதாக மதித்தது வாயின் நிறத்தை. உதட்டின் உட்புறம், ஈறு, நாக்கு. நாக்கின் நிறமும் ஈரமும் என்ன சொல்கின்றன என்று மதியம் முழுக்கப் பேசினோம். பஞ்சபூதத்தைப் பற்றிக் கொஞ்சம். நாம் சொல்லும் ஐந்து வேறு, இவர்கள் சொல்லும் ஐந்து வேறு. இங்கே மரமும் உலோகமும் உண்டு, காற்றும் ஆகாயமும் இல்லை. குதிரைகளின் குணத்தையும் இந்த ஐந்தில் பிரிக்கிறார்கள். அதை ஒரு அளவுக்கு மேல் நம்ப என்னால் முடியவில்லை. ஒரே குதிரை காலையில் நெருப்பாகவும் மாலையில் மண்ணாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது தொடக் கூடாது என்பதற்கு லாவ்ஷி அதிக நேரம் எடுத்துக்கொண்டார். காய்ச்சல் இருந்தால் கூடாது. தீனி தின்ற உடனே கூடாது, கடும் ஓட்டம் முடிந்த கையோடும் கூடாது. காயத்தின் மேல் கூடாது. சினையாக இருக்கும் பெட்டைக்குச் சில புள்ளிகளைத் தொடவே கூடாது, மனிதக் கர்ப்பிணிக்கு விலக்குவது போலவே. காரணம் தெரியாத நொண்டல் என்றால் முதலில் மருத்துவர், அப்புறம்தான் விரல். இதை மூன்று முறை சொன்னார், மூன்று முறையும் எழுதிக்கொண்டேன்.

நாள் 6, பண்ணை

விரல்களுக்கு வேலை கிடைத்த நாள். என் தவறும் இன்றுதான்.

முறை எளிதுதான். ஒரு கை எப்போதும் குதிரையின் மேல் சும்மா இருக்க வேண்டும், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அதற்குத் தெரிய. மற்றக் கையின் கட்டைவிரல் தசைப்பகுதியால் புள்ளியில் மெல்ல இறங்க வேண்டும், நகம் படாமல். அரை நிமிடம், சில நேரம் ஒரு நிமிடம் காத்திருந்து, இறங்கிய அதே மெதுவில் எடுக்க வேண்டும். முன்னிருந்து பின்னுக்கு, மேலிருந்து கீழுக்கு.

ஆறு வருடம் மனிதர்களின் தோள்களை அழுத்திய கை எனக்கு. "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க" என்று கேட்கும் மனிதர்கள். அரை டன் எடையுள்ள விலங்கு ஆயிற்றே, பலமாகத்தான் அழுத்த வேண்டும் என்று என் கை தானாகவே முடிவு செய்துவிட்டது. ஹோங்கின் வலது இடுப்பில், நேற்று முன்தினம் குளிர்ந்த இடத்தில், கட்டைவிரலை இறக்கினேன். காதுகள் பின்னால் படுத்தன. வால் ஒரு வீச்சு. பின்னங்கால் தரையை விட்டு எழுந்தது. உதைக்கவில்லை, எச்சரித்தது. நான் விலகி நின்றேன். அவளுக்கு வலித்திருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் மனம் சங்கடப்படுகிறது.

லாவ்ஷி என் முன்கையில் தன் விரலை வைத்துக் காட்டினார். பழுத்த தக்காளியின் தோலைக் கிழிக்காமல் எவ்வளவு அழுத்தலாமோ அவ்வளவு. "ஒரு ஈ வந்து உட்கார்ந்தாலே இவளுக்குத் தெரியும். அந்த இடத்தின் தோலை மட்டும் உதறி ஈயை விரட்டுவாள். இவளுக்கு உன் பலம் எதற்கு?"

அப்புறம் ஹோங்கின் இடுப்புப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லிக் கழுத்தைக் கொடுத்தார். பிடரிக்குக் கீழே வில் போல வளையும் ஒரு வரிசையில் ஒன்பது புள்ளிகள், ஜியு வெய். கழுத்து இறுக்கத்துக்கானவை. வலப்பக்கம் ஒன்பதும் மென்மையாகவே இருந்தன. இடப்பக்கம் நான்காவதிலும் ஐந்தாவதிலும் தசை கயிறு போல இருந்தது. வலது பின்னங்கால் சரியில்லாத குதிரை எடையை இடது முன்பக்கம் தள்ளித் தள்ளி, கடைசியில் கழுத்து கட்டிக்கொள்ளுமாம். நோவது ஒரு இடம், சுமப்பது வேறு இடம். நான்காவது புள்ளியில் விரலை வைத்துக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இமை பாதி இறங்கியது. கீழுதடு தொங்கியது. நாக்கால் உதட்டை நக்கி, வெறும் வாயை மென்றாள். இந்த மெல்லல்தான் குதிரை தரும் பதில் என்று சொல்லித்தந்திருந்தார்கள். கொட்டாவி, பெருமூச்சு, தலை தாழ்வது, குடல் இரைவது எல்லாம் அதே வகைதான்.

மனிதர் "பரவாயில்லை, நல்லா இருக்கு" என்று மரியாதைக்குச் சொல்வார். குதிரைக்கு அந்த வழக்கம் இல்லை.

நாள் 7, இரவு எழுதுவது

பகலில் பயிற்சி. எழுத நேரமில்லை. சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன்.

சூரியன் மறைய எட்டரை ஆகிவிடும் இங்கே. அந்த நேரத்தில் ஒரு பழுப்புக் குதிரை தரையைக் குளம்பால் கிளற ஆரம்பித்தது. தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. படுத்தது, எழுந்தது. நேற்று முன்தினம் புத்தகத்தில் படித்த அதே சீ வோ.

லாவ்ஷி முதலில் செய்தது போன் பேசியது. ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் மருத்துவரைக் கூப்பிட்டார். அடுத்து தீனியை எடுக்கச் சொன்னார். நாடி 60-க்கு மேல். விலாவில் காதை வைத்துக் குடல் சத்தம் கேட்டார், ஒரு பக்கம் மௌனம். பண்ணைக்காரர் தலைக்கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்தினார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை நிறைந்தால் போக வழியில்லை, கிழிந்தும் போகலாம். அதனால்தான் இது விளையாட்டு இல்லை. நாங்கள் யாரும் புள்ளி தேடவில்லை.

மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டார், ஊசி போட்டார். குதிரை தலையைத் தாழ்த்தி நின்ற பிறகுதான், அவர் அனுமதியோடு, லாவ்ஷி மேலுதட்டின் சுழியில் விரலை வைத்தார். ஃபென் ஷுய், நீர் பிரியும் இடம். வயிற்றுவலிக்குப் பழைய வைத்தியர்கள் ஊசி குத்திய புள்ளி. உலகம் முழுவதும் லாயங்களில் முரண்டு பிடிக்கும் குதிரையின் மேலுதட்டைக் கயிற்றால் முறுக்கிப் பிடிக்கிறார்களே, அதுவும் ஏறக்குறைய இதே இடம்தான். வலியில்தான் அடங்குகிறது என்று நெடுங்காலம் நினைத்தார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், உதட்டை முறுக்கும்போது ரத்தத்தில் எண்டார்பின், அதாவது வலியைக் குறைக்க உடலே சுரக்கும் பொருள், ஏறுவதும் இதயத் துடிப்பு இறங்குவதும் தெரிந்தது. அக்குபங்சரைப் போல ஏதோ நடக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். கயிறு இல்லாமல், முறுக்காமல், ஒரு விரலை மட்டும் வைத்து அந்த இடத்தோடு பேச முடியும் என்றால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பதினொரு மணிக்குக் குதிரை சாணம் போட்டது. எல்லாரும் கைதட்டினோம். பண்ணைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்துதான் காப்பாற்றியது. லாவ்ஷியும் அதையேதான் சொன்னார்.

நாள் 8, பண்ணை

மதியம் ரயில். காலை ஆறு மணிக்கே ஹோங்கிடம் போனேன். மலையின் மேல் பனி இருந்தது, புல்லில் ஈரம்.

முதல் நாளிலிருந்து அவள் நிற்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குதிரை நின்றபடியே தூங்கும்போது ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றி ஓய்வு கொடுக்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கால் மாற்றும். ஹோங் மாற்றுவதே இல்லை. எப்போதும் வலது காலுக்கே ஓய்வு. இடது கால்தான் முழுப் பாரத்தையும் சுமந்தது.

முதலில் தா ஃபெங் மென். முன்மயிரை விலக்கி விரலை வைத்தேன், தலை தாழ்ந்தது. அடுத்து இடக் கழுத்தின் ஒன்பதையும் ஒவ்வொன்றாக. நான்காவதில் கயிறு இன்னும் இருந்தது, ஆனால் மெலிந்திருந்தது. முதுகில் உள்ளங்கையால் மட்டும் தடவினேன். பாய் ஹுய் பள்ளத்தில் கையை வைத்தேன், அழுத்தவில்லை, சூடு போகட்டும் என்று விட்டேன். கடைசியாக, அவள் காதுகளைப் பார்த்துக்கொண்டே, வலது பின்தொடையின் வியர்வை வாய்க்காலில் கட்டைவிரல். தக்காளித் தோல் அளவு. காது ஒன்று என் பக்கம் திரும்பி அங்கேயே நின்றது. தோல் துடித்தது, அடங்கியது. வயிற்றுக்குள் நீளமாக ஒரு இரைச்சல். வாயை அகலத் திறந்து மூன்று கொட்டாவி விட்டாள், ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணின் வெள்ளை தெரிய.

நான் விலகி வேலியோரம் போய் நின்றேன். லாவ்ஷி எப்போது வந்தார் என்று தெரியவில்லை, பக்கத்தில் நின்றிருந்தார். இருவரும் பேசவில்லை.

ஹோங் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு வலது குளம்பைத் தரையில் முழுதாக ஊன்றினாள். உடல் மெதுவாக அந்தப் பக்கம் சாய்ந்தது. இடது கால் தளர்ந்து, குளம்பின் நுனி மட்டும் புல்லைத் தொட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் அப்படி நின்றாள். அப்புறம் பழையபடி மாற்றிக்கொண்டாள்.